ஒளியைத் திருப்பாத கற்பூரம்

எனக்குப் பொறுமை கிடையாது. உலை கொதிக்குமுன் மூடியைத் திறந்து பார்க்கிற ரகம். பஸ் நிற்பதற்குள் எழுந்து படிக்கட்டில் போய் நிற்பேன். இப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்ததோ, காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு படிப்பு. மரத்தூளைக் குடுவையில் போட்டு, அடியிலிருந்து நீராவியை விட்டு, அந்த ஆவி மரத்துக்குள் இருக்கும் எண்ணெயைச் சுமந்துகொண்டு மேலே ஏறி, குளிர்ந்த கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுகிறவரை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். நாள் முழுக்கச் சொட்டினால் ஒரு சின்ன சீசாவின் அடி நனையும். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதும் சும்மா சொல்வதுதான். எழுந்தேன், நடந்தேன், குழாயைத் தொட்டுப் பார்த்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

என் ஆய்வு பைன் மரத்தைப் பற்றியது. திருநெல்வேலியில் பைன் மரம் ஏது என்று கேட்காதவர்கள் குறைவு. எங்கள் ஊருக்குப் பைன் என்றால் பெட்டிப் பலகை. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் இயந்திரங்களைச் சுற்றி வருவது, பிறகு கோழிக்கூடாவது. மற்ற மாணவர்களுக்கெல்லாம் களக்காட்டு மலையிலிருந்து ஏதாவது ஒரு மூலிகை கிடைத்தது. எனக்குக் கொடைக்கானலில் நட்டு வளர்த்த பைன். காரணம் என் பேராசிரியர். அவர் இளவயதில் வடக்கே மலைப்பக்கம் படித்தவர். அங்கே பைன் மரத்தைக் கீறிப் பால் வடித்து டர்ப்பன்டைன் எடுப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். நம் பக்கத்துப் பைனும் அதே எண்ணெயைத் தருகிறதா, இல்லை இந்த மண்ணும் மழையும் அதை மாற்றிவிட்டனவா என்பது அவர் மனசில் பல வருடம் கிடந்த கேள்வி. எலுமிச்சைத் தோலிலும் துளசியிலும் சூடத்திலும் வாசனையாக நம் மூக்குக்கு வருவது டெர்பீன் என்கிற ஒரே பெரிய குடும்பம். பைன் கட்டைக்குள் அந்தக் குடும்பத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை.

அதற்கு ஒரு தவணை இருந்தது. பேராசிரியர் அந்த வருடம் மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்ட அந்தக் கல்லூரியில் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் சவுதியில் இருந்தார். நல்ல மனுஷர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் படிப்பதற்காகத் தன் வீட்டாரிடம் வாதாடி, என்னை மேலப்பாளையத்தில் என் உம்மாவோடு இருக்கவிட்டவர். அவரும் கடிதத்தில் எழுதிவிட்டார், சார் ஓய்வு பெறுகிறவரைதான் தன்னால் பேச முடியும், அதற்கு மேல் பேச வாயில்லை என்று. ஆக மே மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் நான் டாக்டர். இல்லாவிட்டால் மூன்று வருடம் மரத்தூளைக் கொதிக்க வைத்த ஒரு பெண், அவ்வளவுதான்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையத் திட்டு. மாணவன், மாணவி, பியூன், குழாய் ரிப்பேர்க்காரர் என்று பேதமே கிடையாது. ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு, "ஏலே மூதி!" எனக்கு, "கூறு இருக்கா பிள்ள உனக்கு? அடுப்ப ஏத்திட்டு எங்கன போயித் தொலைஞ்சே?" அவர் திட்டாத நாளில் உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் கவலைப்படுவோம். நான் சேர்ந்த முதல் வருடம் சரஸ்வதி பூஜைக்கு ஆய்வுக்கூடத்தில் எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார்கள். பொரித் தட்டோடு வந்த மாணவன் ஒருவன், "அவங்க திங்க மாட்டாங்க" என்று என்னைத் தாண்டிப் போனான். பேராசிரியர் அங்கிருந்தே கத்தினார். "ஏலே மூதி, அந்தப் பிள்ள வேணாம்னு உங்கிட்டச் சொல்லிச்சா? முதல்ல அதுக்குக் குடுலே!" நான் பொரி தின்றேன். வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன்.

கொடைக்கானலிலிருந்து மரம் ஒரு கோடைகாலத்தில் வந்தது. வனத்துறையில் அவருக்குத் தெரிந்த ஓர் அதிகாரி, எந்த மரம், எந்தச் சரிவு என்று சீட்டு எழுதி, துண்டுகளைச் சாக்கில் கட்டி அனுப்பியிருந்தார். திருநெல்வேலிச் சந்திப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பட்டறையில் கொடுத்துச் சீவினேன். இழைப்புளியில் தேக்குத் தூள் ஒட்டியிருக்கிறது, வேம்பு ஒட்டியிருக்கிறது என்று அந்த ஆசாரியை நான் படுத்திய பாடு கொஞ்சமில்லை. மூன்றாம் தடவை துடைக்கச் சொன்னபோது அவர் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு பாடுபட்டு இத வச்சு என்னம்மா செய்யப் போறிய?"

"எண்ணெய் எடுக்கப் போறேன் அண்ணாச்சி."

"எள்ளுல எடுங்களேன். கொழம்புக்காவது ஆகும்."

சீவலை நிழலில் உலர்த்தினேன். டின்னில் அடைத்தால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். அதனால் உம்மா கைத்தறித் துணியில் பைகள் தைத்துக் கொடுத்தாள். எங்கள் தெருவில் தறித் துணிக்கா பஞ்சம்? ஆய்வுக்கூட அலமாரிகளில் எறும்பு. பூட்டு உள்ள ஒரே இடம் பேராசிரியர் அறையில் இருந்த மர பீரோதான். பைகளை அதன் நடுத்தட்டில் அடுக்கினார். சாவி அவரிடம். செப்டம்பரில் ஒரு சின்னப் பையை மட்டும் எடுத்து வெள்ளோட்டம் விட்டேன். புத்தகத்தில் எழுதியிருக்கிறபடியே பைன் எண்ணெய், அதன் பழக்கமான வாசனை, வேறொன்றும் விசேஷமில்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "எண்ணெய் பத்தாது பிள்ள. பெரிசா ஏத்து, அப்பத்தான் உள்ள இருக்கவன் வெளிய வருவான்" என்றார். பெரிய குடுவை சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. மழைக்காலம் போய், ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்து, தையும் பிறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

அது வந்தபோது எங்களுக்கு நோன்பு மாதம். எச்சில் விழுங்கவும் யோசித்துக்கொண்டு, வெந்நீர் ஆவிக்கு எதிரே நாளெல்லாம் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். அதோடு தண்ணீர்க் கவலை வேறு. குளிர்விக்கும் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் எண்ணெயெல்லாம் ஆவியாகக் கூரைக்குப் போய்விடும். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. எங்கள் மாடிக் குழாயில் மட்டும் காற்று வரும். காற்று வரும்போது ஒரு மாதிரி இருமும். அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பேன். இருமியதும் ஓட்டம், முதலில் பேராசிரியர் அறைக்கு, திட்டு வாங்கிக்கொண்டு அங்கிருந்து பியூன் அண்ணாச்சியிடம். அவர் கீழே இருந்து வாளி வாளியாகச் சுமந்து, மேசை மேல் வைத்து, ரப்பர் குழாய் போட்டு இழுத்துவிடுவார்.

இரண்டாம் நாள் மத்தியானம் தண்ணீர் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபோதே சொட்டுவது நின்றது. குழாயை எட்டிப் பார்த்தேன். உள்சுவர் முழுக்க வெள்ளையாக ஏதோ படிந்து வழியை அடைத்திருந்தது. கண்ணாடிக் கம்பியால் சுரண்டினேன். பளபளவென்று படிகம். இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குப் படிகம் கிடைப்பது கல்யாணம் மாதிரி. ஆயுள் முழுக்க வெறும் பிசினையும் எண்ணெயையும் பார்த்தே ஓய்ந்துபோனவர்கள் உண்டு. முகர்ந்து பார்த்தேன். கற்பூரம்.

பேராசிரியர் ஓடி வந்தார். விரலில் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கோயிலில் தீபாராதனை நேரத்தில் அப்படி இருக்குமோ என்னவோ. பிறகு முறைப்படி எல்லாம் செய்து பார்த்தோம். சூடாக்கி, மறுபடி படியவைத்துச் சுத்தம் செய்தோம். உருகுகிற சூட்டைப் பார்த்தோம். பரிசோதனைக்கூடத்தில் இருந்த சுத்தக் கற்பூரத்தோடு கலந்து உருக்கினோம். சந்தேகமில்லை. பைன் கட்டையில் கற்பூரம் கொஞ்சநஞ்சம் தென்படுவது உண்டு. ஆனால் குழாயை அடைக்கிற அளவுக்கு யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியா பிள்ள? நம்ம மண்ணு! நம்ம மழ! நான் அப்பமே சொன்னேனா இல்லையா?"

அன்று சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கையில் ஒரு பொட்டலம் தந்தார். பேரீச்சம்பழம். நோன்பு திறப்பதற்காகத் தானே கடைக்குப் போய் வாங்கியிருக்கிறார். சென்னையில் அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கு இருந்தது. அதில் இதை வாசிக்கப் போவதாக மறுநாளே சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். முதல்வர் அறை வரைக்கும் செய்தி போனது. பேராசிரியரின் நடையே மாறிவிட்டது. ஓய்வு பெறுகிற வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒன்று அது. எனக்கும் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பு கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

இருக்க முடியவில்லை. அந்த வாசனை என்னை இருக்கவிடவில்லை. அவர்களுக்குச் சூடம் என்றால் சாமி. எங்கள் வீட்டில் கற்பூரம் என்றால் வேறு. எங்கள் தெருவில் பெண்கள் யாராவது இறந்தால் குளிப்பாட்டக் கூப்பிடுவது என் உம்மாவைத்தான். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்து ஊற்றுவார்கள். அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றுமுன்னே உம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"ஏட்டி, எந்த மய்யித்து வீட்டுல இருந்து வாரே? எனக்கு யாரும் சொல்லியே விடலியே."

"மய்யித்து இல்ல உம்மா. மரம்."

"மரம் மௌத்தானாலும் இந்த வாசந்தானாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் நோன்புக் கஞ்சியைக் கிண்டப் போய்விட்டாள்.

நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். செப்டம்பரில் இது ஏன் வரவில்லை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. எண்ணெய் குறைவு, அதனால் தெரியவில்லை என்று பேராசிரியர் சொன்ன பதில் சரியாகவே இருந்தது. சரியான பதில் கிடைத்த பிறகும் மனசு அடங்காவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது?

பெருநாள் முடிந்து நான் திரும்பியபோது கட்டுரையில் ஒரே ஓர் அளவுதான் பாக்கி இருந்தது. மரம் செய்கிற கற்பூரத்தைச் சாராயத்தில் கரைத்து, அதன் வழியே ஒரு தனிவகை ஒளியை அனுப்பினால், அந்த ஒளியை அது ஒரு பக்கமாகத் திருப்பும். சில மரங்களின் கற்பூரம் வலப்பக்கம் திருப்பும், சிலவற்றின் கற்பூரம் இடப்பக்கம். நம் பைன் எந்தப் பக்கம் என்று ஒரு வரி எழுத வேண்டும். "போயிப் பாத்துட்டு வா" என்று என்னை இருட்டறைக்கு அனுப்பினார்.

சோடியம் விளக்கு சூடேறி மஞ்சளாக எரிய நேரம் எடுக்கும். நின்றேன். நடந்தேன். பிறகு திருப்பத்தை அளக்கும் கருவியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே தெரிகிற வட்டத்தின் இரண்டு பாதியும் ஒரே வெளிச்சம். அதாவது ஒளி திரும்பவே இல்லை. குழாயைக் கழுவி, புதிதாகக் கரைத்து ஊற்றினேன். திரும்பவில்லை. கருவிதான் பழுதோ என்று சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். உடனே ஒரு பாதி இருண்டது. கருவி நன்றாகத்தான் இருந்தது. கற்பூரத்தை வைத்தால் மட்டும் பூஜ்யம்.

பூஜ்யத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மரம் எப்போதும் ஒரு பக்கத்துக் கற்பூரத்தையே செய்யும். தொழிற்சாலை இரண்டு பக்கத்தையும் சரிபாதியாகச் செய்யும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஒளி நேரே போய்விடும். கடையில் விற்கிற சூடம் அப்படிப்பட்டது. வேடிக்கை என்னவென்றால் தொழிற்சாலைக்காரன் அதைச் செய்வதே பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்துதான். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மரத்துக்குள் கடைச் சூடம் எப்படிப் போனது?

பேராசிரியர் வகுப்பில் இருந்தார். வகுப்புக்குப் போகும்போது பீரோ சாவியைப் பியூன் அண்ணாச்சியிடம் விட்டுப்போவார், வாங்கித் திறந்தேன். நடுத்தட்டில் என் துணிப்பைகள். கீழ்த்தட்டில், அக்டோபரில் பூஜைக்கு வாங்கி மிச்சமான சாமான்கள். சந்தனப் பெட்டி, குங்குமம், ஊதுபத்திக் கட்டு, அவற்றோடு ஒரு பெரிய காகிதப் பொட்டலம். பொட்டலத்தைத் தூக்கினேன். கையில் கனமே இல்லை. பிரித்தால் உள்ளே பொடி மாதிரி அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய பொட்டலம் நிறைய இருந்த சூடம் மூன்று மாதமாகப் பூட்டிய பீரோவுக்குள் பைய ஆவியாகி, துணி வழியே நுழைந்து, என் சீவலில் குடியேறிவிட்டது. பைன் சீவல் அதை ஆசையாக வாங்கி வைத்துக்கொண்டது. அவர் அறையில் எப்போதும் ஊதுபத்தியும் சூடமும் மணக்கும், அதனால் பைகளை எடுத்தபோது எங்கள் மூக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை. மிச்சமான பூஜைச் சூடத்தை வீணாக்கக் கூடாது என்று எடுத்து உள்ளே வைத்தவர் பேராசிரியர். பொட்டலத்தின் மேல் அவர் கையெழுத்தில் பூஜை என்று எழுதியிருந்தது.

பியூன் அண்ணாச்சி என் முகத்தையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"தங்கச்சி, இத நீங்க சொல்ல வேண்டாம். சாமிக்கு வச்ச சூடத்தால கெட்டுப்போச்சுன்னு நீங்க போயிச் சொன்னா, அது வேற மாதிரி ஆயிரும். நாந்தான் தெரியாம அங்கன வச்சுட்டேன்னு சொல்லிருதேன். எனக்கு என்ன, திட்டுவாரு. நாளும் திட்டத்தான செய்யுதாரு."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. அவர் சொன்னது எனக்கும் தோன்றியிருந்தது, அதனால். அந்த வருடங்களில் காலையில் பேப்பரைத் திறந்தால் கோயில், மசூதி என்றுதான் இருக்கும். டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் என் முக்காட்டைப் பார்த்ததும் பேச்சை மாற்றுவார்கள். பஸ்ஸில் மேலப்பாளையத்துக்கு டிக்கெட் கேட்டால் முன்சீட்டு ஆள் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். மற்ற மாணவர்கள் யார் போய் இதைச் சொன்னாலும் அது வேதியியல். நான் சொன்னால்? "நீங்க எதுவும் சொல்ல வேண்டாம் அண்ணாச்சி, நானே சொல்லிக்கிடுதேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

சொல்லவில்லை. மறுநாள் போனேன், கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்துக்கொண்டு அதைத் தடவிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் போனேன், ஓய்வு பெற்ற பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார், அவரிடம் கற்பூரக் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த அளவு என்னாச்சு பிள்ள?" என்று கேட்டபோதெல்லாம் விளக்குச் சரியில்லை என்றேன். வீட்டில் உம்மா என்னை உட்கார், உட்கார் என்று சொல்லியே அலுத்துவிட்டாள். இந்தக் கற்பூரம் போனால் ஆய்வேடும் போனது. மிச்சமிருந்த சீவல் எல்லாம் சூடம் குடித்த சீவல். சொல்லாவிட்டால் என் மே மாதம் பிழைக்கும். ஆனால் என்றாவது ஒருநாள் வேறு யாராவது இன்னொரு பைனைக் காய்ச்சிப் பார்த்து, இவர்கள் சொன்னது எங்கே என்று தேடுவார்கள். அன்றைக்கு அவர் பெயர்தான் நாறும்.

அவர் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய நாளும் வந்துவிட்டது. மத்தியானமே இருட்டறையில் விளக்கை ஏற்றிவிட்டு, அவர் அறை வாசலில் போய் நின்றேன்.

"சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க."

வந்தார். குனிந்து கண்ணை வைத்தார். அளவுச் சக்கரத்தை அந்தப் பக்கம் திருப்பினார், இந்தப் பக்கம் திருப்பினார், பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

"சர்க்கர வச்சுப் பாத்தியா?"

"பாத்துட்டேன் சார். கருவி சரியாத்தான் இருக்கு."

மறுபடி குனிந்தார். நிமிர வெகுநேரமாயிற்று. முப்பது வருடமாக இதையே பாடம் நடத்தியவர், அவருக்கு நான் என்ன விளக்க? "எங்கன இருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "பீரோவப் பாருங்க சார்" என்றேன்.

தானே திறந்தார். பொட்டலத்தைத் தூக்கியதுமே அந்தக் கனமின்மை அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கையெழுத்தைப் பார்த்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். கடிகாரத்தைப் பார்த்து, "ரயிலுக்கு நேரமாவுது" என்றார். கட்டுரையும் அதைத் திரையில் காட்டுவதற்கான கண்ணாடித் தாள்களும் இருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அவர் திரும்புகிறவரை நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன். வாசித்துவிடுவாரோ? வாசித்தால் நானும் அந்தப் பொய்க்குக் கூட்டாளி. வாசிக்காவிட்டால் என் படிப்பு முடிந்தது. இரண்டில் எதை வேண்டுவது என்று தெரியாமல் துஆவுக்குக் கையை ஏந்திவிட்டு, ஒன்றும் கேட்காமலே இறக்கினேன்.

திரும்பி வந்தவர் நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ரயில் கசங்கல் சட்டை. விபூதி மட்டும் புதுசு.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் பிள்ள. கற்பூரத்தக் காமிச்சேன். அளவு பூஜ்யம்னேன். சபையில எல்லாரும் முழிச்சான். பொறவு பையில இருந்து இந்தக் காகிதத்த எடுத்துப் பிரிச்சு, இதாம்யா அந்தப் பைன் மரம்னேன். சிரிச்சானுவ பாரு, ஒவ்வொருத்தனும் வயித்தப் பிடிச்சுக்கிட்டு. பூஜ்யத்தப் பாத்தது யாருன்னு கேட்டாங்க. உன் பேரச் சொன்னேன்."

அவரும் சிரித்தார். அந்தச் சபையில் வடக்கிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், புது மரத்தில் எண்ணெய் எடுத்து அனுப்பினால் தங்கள் இயந்திரத்தில் போட்டுப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கொடைக்கானலுக்கும் சார் அங்கிருந்தே போன் பேசிவிட்டார். அடுத்த வாரம் மரம் வரும். முட்டி மோதினால் மே மாதத்துக்குள் முடித்துவிடலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அது கெடக்கட்டும். இந்தப் பூஜ்யத்த நீ என்னைக்குப் பாத்தே?"

"போன வாரம் சார்."

"போன வாரமா? குழாயில தண்ணி நின்னாலே என் ரூமுக்கு ஓடி வாரவ, இதுக்கு ஏன் அன்னைக்கே வரல?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை சரிபார்த்தேன் என்றோ காய்ச்சல் என்றோ. அவர் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறார். எனக்குப் பொய் வரவில்லை.

"பூஜைச் சூடம் சார் அது. நான் வந்து சொன்னா எப்படி எடுத்துக்கிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அது புரிகிறதை நான் அவர் முகத்தில் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"என்னைப் பத்தியா பிள்ள அப்படி நெனச்சே?"

"உங்களப் பத்தி இல்ல சார். காலத்தப் பத்தி."

"காலமா உனக்கு மூணு வருஷமாப் பாடம் சொல்லிக் குடுத்துச்சு? நாந்தானே." குரல் இறங்கிவிட்டது. "அம்புட்டுப் பேரு சிரிச்சான், எனக்கு ஒண்ணும் செய்யல. இது வலிக்குது."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்றைக்கும் நான் பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். அன்றைய ஊரில் அன்றைய நாளில் என் இடத்தில் நின்று பார்த்தவர்கள் சொல்லட்டும். ஆனால் அந்தப் பயம் போய் விழுந்த இடம் தப்பு. அதை எப்படிப் பிரித்துச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

புது மரம் வந்தது. பங்குனி வெயிலில் வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு காய்ச்சினோம். கற்பூரம் வரவில்லை. கொடைக்கானல் பைனும் வடக்கத்திப் பைனும் சாதாரண அண்ணன் தம்பிகள்தான் என்று வடக்கிலிருந்து முடிவு வந்தது. அதை வைத்தே எழுதி, அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது. பிறகு வேலையும் கிடைத்தது. நான் ஆசைப்பட்டதில் ஒன்றும் குறையவில்லை.

அந்தக் கடைசி வாரங்களில் ஒருநாள், சென்னையிலிருந்து வந்த அந்தப் பெரிய குடுவையைக் கழுவும்போது கை வழுக்கிக் கீழே போட்டுவிட்டேன். ஆய்வுக்கூடமே அதிர்ந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவர் அறை வாசலைப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்தார். உடைந்து கிடந்ததைப் பார்த்தார். "கால்ல குத்திரப் போவுது, பாத்து நில்லுங்கம்மா" என்றார் மெதுவாக. அடுத்த மூச்சிலேயே பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, "ஏலே மூதி, வாரியல எடுத்துட்டு வாலே, வேடிக்க பாக்கியாலே?" என்று கத்தினார். நான் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் அசையாமல் நின்று, எனக்கும் ஒரு திட்டு வராதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே போய்விட்டார்.